வளைகோட்டில் வாழும் அம்மையார்

முன்னுரை

கணித ஆசிரியை கரும்பலகையில் வரைபடக் கணக்கு என்று எழுதியதுமே எங்கள் பத்தாம் வகுப்பில் ஒரு பெருமூச்சு எழும். அளவுத்திட்டம் எழுத வேண்டும். அட்டவணை போட வேண்டும். புள்ளிகளைக் குறிக்க வேண்டும். பிறகு கை நடுங்காமல் அவற்றை இணைக்க வேண்டும். ஒரு புள்ளி தவறினாலும் கோடு கோணிப்போகும். ஆகவே தேர்வில் அந்தக் கேள்வியை விட்டுவிடலாம் என்று எண்ணுவோர் எங்களுள் பலர்.

இத்தகைய வளைகோடுகளை இளைஞர் அஞ்சாமல் கற்க வேண்டும் என்று எண்ணி, 1748-ஆம் ஆண்டிலேயே ஆயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட நூலொன்றை எழுதி வெளியிட்ட பெண்மணி ஒருவர் இருந்தார். இத்தாலி நாட்டு மரியா கயத்தானா அன்யேசி அம்மையாரே அவர். இவ்வாண்டு அறிவியல் கண்காட்சிக்காக, சார்புகளின் வரைபடத்தைக் கணிப்பொறியே வரைந்து காட்டும் சிறிய நிரல் ஒன்றை நாங்கள் ஆக்கினோம். அதில் முதன்முதலாக எந்த வளைகோட்டை வரையலாம் என்று தேடியபோதுதான் இவ்வம்மையாரின் பெயர் எங்கள் கண்ணில் பட்டது. கோட்டைத் தேடிப் போன நாங்கள் ஒரு வாழ்க்கையைக் கண்டோம். அதனை இங்கே காண்போம்.

பிறப்பும் இளமையும்

வட இத்தாலியில் உள்ள மிலான் நகரில், 1718-ஆம் ஆண்டு மே மாதம் 16-ஆம் நாள் மரியா பிறந்தார். அந்நாளில் அந்நகரம் ஆஸ்திரிய அரச மரபினரின் ஆட்சியில் இருந்தது. தந்தை பியெத்ரோ அன்யேசி, பட்டு வணிகத்தால் செல்வம் சேர்த்த குடும்பத்தைச் சேர்ந்தவர். தாயின் பெயர் அன்னா. மரியாவே மூத்த மகள். தந்தை மும்முறை மணம் புரிந்தவர். அவருக்குப் பிறந்த பிள்ளைகள் மொத்தம் 21 பேர். அத்தனை பேருக்கும் மூத்தவர் என்றால் அவருடைய பொறுப்பு எத்தகையது என்பதை வீட்டில் மூத்த மகளாய்ப் பிறந்த தோழியர் நன்கு அறிவர்.

அக்காலத்தில் செல்வர் வீட்டுப் பெண்களும் ஓரளவே கல்வி பெற்றனர். ஆனால் பியெத்ரோ தம் மகளின் அறிவுக் கூர்மையைக் கண்டு, சிறந்த ஆசிரியர்களை வீட்டிற்கே வரவழைத்தார். ஐந்து வயதிலேயே மரியா பிரெஞ்சு மொழி பேசினார். ஒன்பதாம் வயதில், பெண்களும் உயர்கல்வி பெற வேண்டும் என்னும் பொருள் பற்றி, ஆசிரியரின் துணையோடு ஆயத்தம் செய்த இலத்தீன் சொற்பொழிவு ஒன்றைப் பெரியோர் நிறைந்த அவையில் மனப்பாடமாக நிகழ்த்தினார். அது 1727-இல் அச்சேறியது. பதின்மூன்று வயதுக்குள் இத்தாலியம், பிரெஞ்சு, இலத்தீன், கிரேக்கம், எபிரேயம், ஸ்பானியம், ஜெர்மன் ஆகிய ஏழு மொழிகளையும் கற்றுத் தேர்ந்தார்.

1732-இல் மரியா தம் தாயை இழந்தார். வீட்டில் அறிஞர் கூட்டங்கள் தொடர்ந்து நடைபெற்று வந்தன. மரியா தத்துவமும் அறிவியலும் பற்றி விருந்தினரோடு இலத்தீனில் வாதிடுவார். பின்னாளில் இசையமைப்பாளராகப் புகழ் பெற்ற தங்கை மரியா தெரேசா இசைக்கருவி மீட்டுவார். அவ்வாதங்களுள் சுமார் 190 கருத்துகள் தொகுக்கப்பட்டு 1738-இல் நூலாக வெளிவந்தன. தந்தையின் பெருமைக்கு அளவே இல்லை. ஆனால் பலர் முன்னிலையில் அறிவைக் காட்சிப் பொருளாக்குவது மரியாவின் இயல்புக்கு ஒத்து வரவில்லை.

மறுக்கப்பட்ட மடத்து வாழ்வு

ஏறத்தாழ இருபத்தோராம் வயதில், கன்னியர் மடத்தில் சேர விரும்புவதாக மரியா தந்தையிடம் தெரிவித்தார். தந்தை கலங்கினார், இசைவு தர மறுத்தார். மரியா பிடிவாதம் செய்யவில்லை. ஆனால் தம் விருப்பத்தை முற்றிலும் விட்டுவிடவும் இல்லை. எளிய உடை உடுத்தவும், விரும்பிய பொழுதெல்லாம் கோவிலுக்குச் செல்லவும், நடன விருந்துகளுக்கும் நாடக அரங்குகளுக்கும் போகாதிருக்கவும் இசைவு வேண்டினார். தந்தையும் அதற்கு ஒப்புக்கொண்டார். அன்று தொடங்கி, வீட்டிலிருந்தபடியே துறவிபோல் வாழ்ந்தார். தம்பி தங்கையரைக் கவனித்தார். அவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். எஞ்சிய நேரத்தில் கணிதம் கற்றார்.

1740-இல் மிலானுக்கு வந்த இராமிரோ ராம்பினெல்லி என்னும் துறவி அவருக்கு ஆசிரியராக வாய்த்தார். கணிதத்தில் வல்லவரான அவர், அக்காலத்தில் புதிதாக வளர்ந்துகொண்டிருந்த நுண்கணிதத்தை மரியாவுக்குக் கற்பித்தார். நியூட்டனும் லைப்னிட்சும் கண்ட அக்கலை, பல நாட்டு அறிஞரின் ஏடுகளிலும் கடிதங்களிலும் சிதறிக் கிடந்தது. ஒருவர் ஒரு முறையைக் கையாண்டார்; மற்றவர் வேறு முறையைக் கையாண்டார். புதிதாகக் கற்பவர்க்கு எது முன், எது பின் என்றே விளங்காது.

இளைஞர்க்கென எழுந்த நூல்

இக்குறையைப் போக்க மரியா முன்வந்தார். தம் தம்பியருக்குக் கற்பிக்க வேண்டும் என்னும் எண்ணமும் அதற்குத் தூண்டுகோலாயிற்று என்பர். பல ஆண்டு உழைப்புக்குப் பின், இத்தாலிய இளைஞரின் பயன்பாட்டுக்கான பகுமுறைக் கணித நெறிகள் என்னும் பொருள்படும் பெயரோடு இரண்டு தொகுதிகள் 1748-இல் மிலானில் வெளிவந்தன.

அறிஞர் மொழியாகிய இலத்தீனில் எழுதும் ஆற்றல் அவருக்கு நிரம்ப உண்டு. எனினும் இளைஞர்க்கு எளிதில் விளங்கும் இத்தாலிய மொழியிலேயே எழுதினார். எளிய இயற்கணிதத்தில் தொடங்கி, சமன்பாட்டிலிருந்து வளைகோட்டை வரையும் முறையைக் கூறி, பின்னர் வகை நுண்கணிதம், தொகை நுண்கணிதம் என்று படிப்படியாக நூல் ஏறிச் செல்லும். ஒவ்வொரு கருத்துக்கும் எடுத்துக்காட்டுகள் உண்டு. இத்தகைய விரிவான கணிதப் பாடநூலை எழுதிய முதல் பெண்மணி இவரே.

நூல் மரியா தெரேசா பேரரசியாருக்குக் காணிக்கையாக்கப்பட்டது. அவர் வைர மோதிரமும் மணிகள் பதித்த பளிங்குப் பேழையும் பரிசாக அனுப்பினார். பாரிஸ் நகர அறிவியல் கழகம் அமைத்த குழு நூலை மிகவும் பாராட்டியது. ஆனால் பெண் என்பதால் அக்கழகத்தில் உறுப்பினராகும் வாய்ப்பு அவருக்கு இல்லை. ஒரு பெண் அக்கழகத்தின் முழு உறுப்பினரானது 1979-இல்தான். பாப்பரசர் பதினான்காம் பெனடிக்ட், தாமே கணிதம் அறிந்தவராதலின், நூலின் அருமையை உணர்ந்தார். 1750-இல் பொலோனியா பல்கலைக்கழகத்தின் கணிதப் பேராசிரியர் பதவி அம்மையாருக்குக் கிடைக்கச் செய்தார். அப்போது அம்மையாருக்கு வயது 32.

அந்த வளைகோடு

அம்மையார் தம் நூலில் விளக்கிய வளைகோடுகளுள் ஒன்று இன்றளவும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஒரு வட்டம் வரைக. அதன் அடிப்புள்ளியிலிருந்து ஒரு கோட்டைச் சாய்வாக மேல்நோக்கி இழுக்க. அது வட்டத்தை ஓரிடத்தில் வெட்டும். வட்டத்தின் உச்சியில் உள்ள தொடுகோட்டை வேறோர் இடத்தில் வெட்டும். முதல் இடத்திலிருந்து கிடைக்கோடும் இரண்டாம் இடத்திலிருந்து செங்குத்துக்கோடும் வரைந்தால், இரண்டும் சந்திக்கும் புள்ளியே வளைகோட்டின் ஒரு புள்ளி. சாய்வை மாற்ற மாற்றப் புதிய புள்ளிகள் கிடைக்கும். எல்லாவற்றையும் இணைத்தால் நடுவில் உயர்ந்து இருபுறமும் மெல்லத் தாழ்ந்து செல்லும் சிறு குன்று போன்ற வடிவம் தோன்றும்.

வட்டத்தின் விட்டம் 2 என்று கொண்டால் அதன் சமன்பாடு மிக எளிது. எக்ஸின் வர்க்கத்தோடு 4-ஐக் கூட்டுக, அத்தொகையால் 8-ஐ வகுக்க, கிடைப்பதே ஒய். எக்ஸ் 0 எனில் ஒய் 2. எக்ஸ் 2 எனில் ஒய் 1. எக்ஸ் 4 எனில் ஒய் 0.4, எக்ஸ் 6 எனில் ஒய் 0.2. எக்ஸ் குறை எண்ணாயினும் இதே விடைகள்தாம். எவ்வளவு தூரம் சென்றாலும் அது எக்ஸ் அச்சைத் தொடாது. ஆயினும் கோட்டுக்கும் அச்சுக்கும் இடைப்பட்ட பரப்பு, முடிவில்லாமல் நீண்டும், முதலில் வரைந்த வட்டத்தின் பரப்பைப் போல் சரியாக நான்கு மடங்குதான். இதை அறிந்தபோது எங்களுக்கு வியப்பு அடங்கவில்லை.

இவ்வளைகோட்டை அம்மையார்க்கு முன்பே பிரெஞ்சு அறிஞர் ஃபெர்மா ஆராய்ந்திருந்தார். இத்தாலியரான குயிதோ கிராந்தி, அம்மையார் பிறந்த அதே 1718-ஆம் ஆண்டில், பாய்மரக் கப்பலில் பாயைத் திருப்பும் கயிற்றைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து இதற்கு வெர்சியேரா என்று பெயரிட்டார். கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஜான் கோல்சன், அம்மையாரின் நூலை ஆங்கிலத்தில் தருவதற்காகவே முதிய வயதில் இத்தாலிய மொழி கற்றார். அவர் 1760-இல் மறைந்தார். மொழிபெயர்ப்பு 1801-இல் வெளிவந்தது. அதில் வெர்சியேரா என்பதை, ஏறத்தாழ அதே ஒலியுடைய வேறு சொல்லாகக் கொண்டு, சூனியக்காரி என்று பெயர்த்துவிட்டார். அன்றிலிருந்து ஆங்கில நூல்களில் இக்கோடு அன்யேசியின் சூனியக்காரி என்றே வழங்குகிறது. ஏழை எளியவரின் தாயாக விளங்கிய ஒருவரின் பெயரோடு இப்படியொரு சொல் ஒட்டிக்கொண்டதை என்னென்பது!

எங்கள் கணிப்பொறியில் அம்மையார்

எங்கள் நிரலைப் பைத்தான் மொழியில் எழுதினோம். திரையில் ஒரு சிறு சாளரம் திறக்கும். அதில் சமன்பாட்டை எழுத ஒரு பெட்டி. எக்ஸின் தொடக்க மதிப்புக்கும் இறுதி மதிப்புக்கும் இரண்டு பெட்டிகள். வரைக என்று எழுதிய ஒரு பொத்தான். கீழே படம் வரைவதற்கு 600 புள்ளி அகலமும் 200 புள்ளி உயரமும் உள்ள வெண்பலகை. இவ்வளவுதான். ஓர் அலகுக்கு 50 திரைப்புள்ளிகள் என்பது எங்கள் அளவுத்திட்டம். எக்ஸ் அச்சு குறை 6 முதல் 6 வரை. ஒய் அச்சு குறை 1 முதல் 3 வரை.

முதல் முறை பொத்தானை அழுத்தியபோது குன்றுக்குப் பதில் பள்ளம் தெரிந்தது! வரைபடத் தாளில் ஒய் மேல்நோக்கி வளரும். கணிப்பொறித் திரையிலோ வரிசைகள் மேலிருந்து கீழாக எண்ணப்படும். இதை நாங்கள் மறந்துவிட்டோம். ஒய் மதிப்பை 3-இலிருந்து கழித்து 50-ஆல் பெருக்கினோம். உச்சிப்புள்ளி மேலிருந்து 50-ஆம் வரிசைக்கு வந்தது; குன்று நிமிர்ந்தது.

இரண்டாம் குறை, கோடு கூடாரம் போல் கூர்மையாக இருந்தது. இரண்டு அலகுக்கு ஒரு புள்ளி என ஏழே புள்ளிகளைக் கணக்கிட்டு அவற்றை நேர்கோடுகளால் இணைத்ததே காரணம். ஒவ்வொரு திரைப்புள்ளிக்கும் ஒரு மதிப்பு என 601 புள்ளிகளைக் கணக்கிடச் சொன்னதும் கோடு அழகாக வளைந்தது. உண்மையில் கணிப்பொறிக்கு வளைகோடு என்றால் என்னவென்றே தெரியாது. நாம் தாளில் செய்வதையே, மிக நெருக்கமாகவும் மிக விரைவாகவும் செய்கிறது. ஒன்றை எக்ஸால் வகுக்கும் சார்பைக் கொடுத்தபோது, எக்ஸ் 0 ஆகும் இடத்தில் நிரல் நின்றுவிட்டது. அவ்விடத்தைத் தாண்டிக் கோட்டை மறுபுறம் தொடருமாறு திருத்தினோம். அம்மையாரின் வளைகோட்டில் அத்தொல்லை இல்லை. அதன் பகுதி ஒருபோதும் 4-க்குக் குறையாது. புதிதாகக் கற்போர்க்கு எவ்வளவு ஏற்ற கோடு!

ஏழைகளின் தாய்

1752-இல் தந்தை காலமானார். ஆசைப்பட்ட வாழ்வை மேற்கொள்ள இனித் தடை ஏதுமில்லை. அப்போது அம்மையார் புகழின் உச்சியில் இருந்தார். பொலோனியாவில் பதவி காத்திருந்தது. ஆயினும் அங்குச் சென்று ஒரு நாளும் பாடம் நடத்தவில்லை. கணிதத்தை மெல்ல விட்டுவிட்டு, ஏழை எளியவர்க்குத் தொண்டு செய்வதில் முழுமையாக ஈடுபட்டார். பங்கில் ஞானோபதேசம் கற்பித்தார். நோயுற்ற ஏழைப் பெண்களைத் தம் வீட்டு அறைகளிலேயே வைத்துப் பேணினார். இடம் போதாமையால் 1759-இல் வாடகைக்கு ஒரு வீடு எடுத்து அவர்களோடு குடியேறினார். செலவுக்குப் பணம் தேவைப்பட்டபோது பேரரசியார் அளித்த பரிசுகளையும் விற்றுவிட்டார். 1762-இல் இளம் கணித மேதை லக்ராஞ்சின் புதிய ஆய்வு பற்றி டூரின் பல்கலைக்கழகத்தார் கருத்துக் கேட்டபோது, அத்துறையில் தாம் இனி ஈடுபடுவதில்லை என்று பணிவுடன் தெரிவித்துவிட்டார்.

1771-இல் இளவரசர் திரிவுல்சியோவின் கொடையால் மிலானில் முதிய ஏழைகளுக்கென ஓர் இல்லம் திறக்கப்பட்டது. பேராயரின் வேண்டுகோளை ஏற்று, அதன் பெண்கள் பகுதியின் பொறுப்பை அம்மையார் ஏற்றார். 1783-இல் அங்கேயே குடிபுகுந்தார். 1799-ஆம் ஆண்டு ஜனவரி 9-ஆம் நாள், தம் 80-ஆம் வயதில், தாம் பேணிய எளியவரிடையே உயிர் நீத்தார். தனிக் கல்லறை இல்லை. அவ்வில்லத்து ஏழைகள் சிலரோடு ஒரே குழியில் அடக்கம் செய்யப்பட்டார். அந்த இல்லம் இன்றும் மிலானில் முதியோர்க்குத் தொண்டாற்றி வருகிறது. வெள்ளிக் கோளில் உள்ள ஒரு பெருங்குழிக்கு அம்மையாரின் பெயர் சூட்டப்பட்டுள்ளது.

முடிவுரை

அம்மையார் கணிதத்தைத் துறந்தது சரியா என்று எங்கள் வகுப்பில் ஒரு நாள் பெரிய வாதம் நடந்தது. எத்தனையோ பெண்களுக்கு மூடியிருந்த கதவு தமக்குத் திறந்தும் உள்ளே போகாமல் விட்டாரே என்று சிலர் வருந்தினோம். நோயாளியின் தேவை பேராசிரியர் பதவியினும் பெரிதல்லவா என்று சிலர் கேட்டோம். வாதம் மணி அடிக்கும்வரை முடியவில்லை. ஆனால் ஒன்றை மட்டும் எல்லோரும் ஒப்புக்கொண்டோம். அவர் இரண்டு வாழ்க்கை வாழவில்லை, வாழ்ந்தது ஒன்றே. சிதறிக் கிடந்த கணிதத்தைத் திரட்டி எளியோர்க்கு ஊட்டிய அதே உள்ளம்தான், தெருவில் கிடந்த முதியவளைத் தூக்கிக் கட்டிலில் கிடத்தியது. தாம் அறிந்ததையும் தம்மிடம் இருந்ததையும் தமக்கென அவர் வைத்துக்கொள்ளவில்லை.

கண்காட்சி முடிந்த பின் எங்கள் நிரலை அழித்துவிடவில்லை. ஒன்பதாம் வகுப்புத் தங்கையர் பயன்படுத்துவதற்காகக் கணிப்பொறி அறையில் விட்டு வைத்திருக்கிறோம். சாளரத்தைத் திறந்ததும் முதலில் தோன்றுவது அம்மையாரின் வளைகோடுதான். அதன் கீழே சூனியக்காரி என்னும் பெயரை நாங்கள் இடவில்லை. அன்யேசி அம்மையாரின் வளைகோடு என்றே எழுதியிருக்கிறோம். தங்கையரே, வரைபடக் கணக்கைக் கண்டு அஞ்சாதீர்கள். முதலில் ஏழு புள்ளிகளைத் தாளில் குறித்து உங்கள் கையாலேயே இணையுங்கள். பிறகு பொத்தானை அழுத்தி ஒப்பிட்டுப் பாருங்கள். நீங்கள் கற்றதை உங்களுக்குப் பின்வரும் தங்கையர்க்குச் சொல்லிக் கொடுங்கள். அம்மையாருக்கு நாம் செய்யத்தக்க நன்றி அதுவே.